நடுகல்லிலிருந்து எழும் படை: பிளாஸ்டிக் மினியேச்சர்களை வெட்டி, மாற்றி, ஒட்டி அமைக்க முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேடியப்பன் கோயில் என்று வழங்கும் இடங்கள் பலவற்றில் வழிபடப்படுவது ஒரு நடுகல். ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ மாண்ட வீரன் ஒருவன் இடக்கையில் வில்லை நீட்டி, வலக்கையில் குறுவாளை ஓங்கி, கொண்டை ஒருபுறம் சரிந்திருக்க, மார்பில் தைத்த அம்புகளோடு அதில் நிற்பான். எண்ணெயும் மஞ்சளும் மழையும் சேர்ந்து முகத்தை அழித்துவிட்ட கற்களில்கூட, அவன் வீரன் என்பது பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. கல்லைச் செதுக்கியவர் முகத்தை நம்பாமல் வில், வாள், கொண்டை, கால்களின் வீச்சு ஆகியவற்றின் வெளிக்கோட்டை நம்பியிருக்கிறார். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டில் மினியேச்சர் எனப்படும் 28 மி.மீ. உயரச் சிறு உருவத்தை மேசையின் மறுபுறத்திலிருந்து பார்ப்பவருக்கும் தெரியப்போவது அந்த வெளிக்கோடுதான். பெல்ட்டில் நீங்கள் செதுக்கும் கொக்கியை உங்களைத் தவிர ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

அந்தக் கற்களிலிருந்து இறங்கி வந்ததுபோன்ற ஒரு கற்பனைப் படையைக் கடைப் பெட்டிகளிலிருந்து எப்படி உருவாக்குவது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். எடுத்துக்காட்டாக 20 பேர் கொண்ட ஒரு வில்லாளர் அணியையும், புலியோடு பொரும் தலைவன் ஒருவனையும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கருப்பொருள் வேறாக இருந்தாலும் முறை இதுவே.

எதை வாங்குவது

ஒரே பெட்டியின் உறுப்புகளை வெட்டி நிலையை மாற்றுவதைக் கன்வர்ஷன் என்றும், வெவ்வேறு பெட்டிகளின் உறுப்புகளைக் கலந்து புதிய உருவம் அமைப்பதைக் கிட்பாஷ் என்றும் சொல்வது வழக்கம். நடைமுறையில் இரண்டையும் சேர்த்தே செய்வோம். வார்ஹாமர் என்னும் மேசைப் போர் விளையாட்டு வெளிவந்த 1983-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவங்கள் பெரும்பாலும் உலோகத்தால் ஆனவை. ஒரு கையைத் திருப்ப வேண்டுமென்றால் ரம்பத்தால் அறுக்க வேண்டும். இன்றைய பெட்டிகளில் உடல், தலை, கை ஆகியவை தனித்தனியாக ஸ்ப்ரூ என்னும் சட்டத்தில் வருவதால், பாதி வேலையைத் தொழிற்சாலையே செய்து கொடுத்துவிடுகிறது.

இந்த அணிக்கு இரண்டு பெட்டிகள் போதும். ஒன்று, பண்டைய இந்தியக் காலாட்படை. வார்கேம்ஸ் அட்லாண்டிக் அதைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டிருக்கிறது. மற்றொன்று, அதே நிறுவனத்தின் எலும்புக்கூட்டுப் பெட்டி. முதலாவதிலிருந்து திறந்த மார்புடைய உடல்களும் விற்களும் கிடைக்கும். இரண்டாவதிலிருந்து மண்டையோடுகளும் எலும்புக் கைகளும் கிடைக்கும். கல் உதிர்ந்து உள்ளே எலும்பு தெரியும் வீரர்களாக இவர்களை அமைக்கவே அவை தேவை. இரண்டையும் ஒரே நிறுவனத்திலிருந்து வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெட்டியின்மேல் 28 மி.மீ. என்று அச்சிட்டிருப்பது ஏறத்தாழ உயரத்தை மட்டுமே சொல்கிறது. சில நிறுவனங்கள் தலையையும் கையையும் ஆயுதத்தையும் வேண்டுமென்றே பெருக்கி வார்க்கின்றன. வேறு சில மனித விகிதத்தைக் காப்பாற்றுகின்றன. முதல் வகையின் கையை இரண்டாம் வகையின் தோளில் ஒட்டினால், சிறுவனுக்குப் பயில்வானின் கை முளைத்ததுபோல் இருக்கும். கலப்பது தவிர்க்க முடியாதென்றால் மணிக்கட்டின் பருமனை ஒப்பிட்டுப் பாருங்கள். தலையும் உயரமும் சற்று மாறுபட்டால் கண் மன்னித்துவிடும். கை மாறினால் மன்னிக்காது.

வாங்குமுன் விளையாட்டின் விதியையும் பாருங்கள். ஃப்ராஸ்ட்கிரேவ் போன்ற விதிநூல்கள் எந்த நிறுவனத்தின் உருவத்தையும் ஏற்கின்றன. சில போட்டிகளிலோ நடத்தும் நிறுவனத்தின் உருவங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. எங்கே ஆடினாலும், உருவத்தின் கையில் தெரியும் ஆயுதமே ஆட்டத்திலும் அதன் ஆயுதமாக இருக்க வேண்டும் என்பதே எதிராளி எதிர்பார்க்கும் நியாயம். வில்லும் வாளும் ஏந்தியவனை ஈட்டிக்காரன் என்று சொல்லி ஆடுவது சண்டைக்கு வித்திடும்.

கருவிகள், உள்ளூரில் கிடைப்பவை

பொழுதுபோக்குக் கருவிக் கடைகள் பெங்களூருவில்தான் உண்டு என்று நினைத்து நான் ஓராண்டு வீணாக்கினேன். தேவையானவற்றில் பெரும்பகுதி நம் கடைத்தெருவிலேயே இருக்கிறது. ஸ்ப்ரூவிலிருந்து உறுப்பை நறுக்க, எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் சிறிய சைடு கட்டர் போதும். வெட்டுவதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 11-ஆம் எண் அறுவைப் பிளேடும், அதற்குப் பொருந்தும் 3-ஆம் எண் பிடியும் நன்று. ஆனால் அந்தப் பிளேடு மிகவும் மெல்லியது; பக்கவாட்டில் நெம்பினால் முனை ஒடிந்து தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் தொட வேண்டாம். நுண்ணிய அரங்களும் கையால் சுழற்றும் சிறு துளைப்பானும் நகைப் பட்டறைகளுக்குப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். 0.5 மி.மீ., 1 மி.மீ. ஆகிய இரு அளவுத் துளை ஊசிகளும், சற்று மெல்லிய பித்தளைக் கம்பியும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

இணையத்தில் வரவழைத்தே ஆக வேண்டியவை இரண்டு: பிளாஸ்டிக் சிமெண்ட், கிரீன் ஸ்டஃப் என்னும் இருகூறு எபாக்ஸி மக்கு. எம்-சீலை இரண்டாவதற்கு மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. பாறை, அடித்தளம், உள்ளே நிரப்பும் கரு ஆகியவற்றுக்கு எம்-சீல் நல்லதுதான். ஆனால் அது விரைவாக இறுகும், சற்றுக் கரகரப்பாகவும் இருக்கும். கொண்டையின் முடியிழைகளை அதில் கொண்டுவர முடியாது.

ஒட்டும் பொருளை முறையாகப் புரிந்துகொள்ளாததால்தான் புதியவர்களின் உருவங்கள் உடைகின்றன. பிளாஸ்டிக் சிமெண்ட் ஒட்டுவதில்லை, உருக்குகிறது. அதிலுள்ள கரைப்பான் இரு பாலிஸ்டைரீன் (இந்த உருவங்களை வார்க்கும் பிளாஸ்டிக்) பரப்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்துவிட்டு ஆவியாகிறது. காய்ந்தபின் அங்கே இணைப்பு என்று ஒன்று இருப்பதே இல்லை. ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூவோ நடுவில் ஒரு கடினமான, எளிதில் நொறுங்கும் படலமாக நிற்கிறது. எனது முதல் அணி முழுவதையும் ஃபெவிக்விக்கில் ஒட்டி, தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்தபோது பதினொரு கைகள் தனியாகக் கிடந்தன. பாலிஸ்டைரீனோடு பாலிஸ்டைரீனுக்குச் சிமெண்ட். உலோகம், ரெசின், மக்கு ஆகியவற்றுக்குச் சூப்பர் குளூ. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று அச்சிட்ட தயிர்க் கிண்ணங்களும் பாலிஸ்டைரீன்தான். அவற்றை வெட்டிக் கேடயமாகவும் கச்சையாகவும் சிமெண்ட் கொண்டே ஒட்டலாம். 5 என்று குறித்த மூடிகளில் சிமெண்ட் பிடிக்காது.

சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். ரெசினை அரம் போட நேர்ந்தால் நீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசமும் அணியுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பகை.

பிளேடுக்கு முன் பென்சில்

தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களை நிதானமாகப் பார்க்கலாம். உடல் முன்னோக்கியும் கால்கள் பக்கவாட்டில் ஓடுவதுபோலவும் இருப்பதை அங்கே கவனியுங்கள். இடுப்பில் விழும் அந்தத் திருகல்தான் உயிரைக் கொடுக்கிறது. அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். கோயிலில் வழிபாட்டில் உள்ள கல்லின்மேல் மக்கை அழுத்தி அச்செடுக்கலாம் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். அது செய்யக்கூடாத காரியம். கல்லுக்கும் கேடு, கும்பிடுபவர்களுக்கும் அவமதிப்பு.

பிறகு ஒரு தாளில் ஐந்துக்கு நான்காகக் கட்டம் போடுங்கள். 25 மி.மீ. சதுர அடித்தளத்தில் 20 பேர் நின்றால் அணி 125 மி.மீ. அகலமும் 100 மி.மீ. ஆழமும் கொள்ளும். வில்லை நீட்டிய கை தன் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக்காரனின் தலையில் இடிக்கும் என்பதே இந்தப் படையின் பெரிய சிக்கல். அதனால் கையை முழுக்க நீட்டியவர்களை முன்வரிசையிலும் இடது ஓரத்திலும் வைத்துவிட்டு, நடுவில் நிற்பவர்களுக்கு வில்லைச் செங்குத்தாகப் பிடிக்கும் கையையோ, இறக்கிய கையையோ கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் இட்டு, அதே எண்ணை அடித்தளத்தின் அடியிலும் எழுதுங்கள்.

எல்லாரையும் மாற்ற வேண்டியதில்லை. இருபதில் ஏழெட்டுப் பேர், அதுவும் முன்வரிசையிலும் ஓரங்களிலும் நிற்பவர்கள் மாறினாலே அணி முழுவதும் மாறியதுபோல் தோன்றும். உள்ளே நிற்பவர்களுக்கு மண்டையோட்டுத் தலை மட்டும் போதும்.

வெட்டுதல்: ஒரு வில்லாளன்

முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் முதல் ஆளைச் செய்து பார்ப்போம்.

உறுப்புகளை ஸ்ப்ரூவிலிருந்து சற்றுத் தள்ளியே நறுக்கி, மிச்சத்தைப் பிளேடால் சீவுங்கள். வார்ப்பின் இரு பாதிகளும் சேருமிடத்தில் ஓடும் மெல்லிய வரம்பைப் பிளேடின் முதுகால் சுரண்டி எடுங்கள். ஆயுதம் ஏந்தியபின் எட்டாத இடங்கள் உண்டு என்பதால் இதை இப்போதே முடித்துவிட வேண்டும்.

உடல் இந்தியக் காலாட்படையிலிருந்து வருகிறது. இடுப்பில், வேட்டியின் மேல்விளிம்பை ஒட்டி ஒரே நேர்க்கோட்டில் அறுங்கள். அழுத்தி வெட்டாமல், பிளேடை முன்னும் பின்னுமாக உருட்டினால் பிளாஸ்டிக் பிதுங்காது. மேலுடலை 30 பாகை அளவுக்குத் திருப்பி, நீலநிற ஒட்டுக்களிமண்ணால் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். திருப்பியவுடன் ஒருபுறம் இடைவெளி திறக்கும், மறுபுறம் இடிக்கும். இடிக்கும் பக்கத்தில் ஆப்பு வடிவில் அரை மி.மீ. சீவினால் உடல் தானாகச் சாயும். அந்தச் சாய்வுதான் ஓட்டம்.

இடக்கையில் வில் ஏற்கெனவே வார்த்திருக்கும். வலக்கையை எலும்புக்கூட்டுப் பெட்டியின் வாளேந்திய கையாகத் தேர்ந்து, தோள் உருண்டையைப் பாதியாகச் சீவிச் சதைத் தோளோடு பொருத்துங்கள். சதையும் எலும்பும் சேரும் விளிம்பு நேராக இருந்தால் பொம்மைபோல் தெரியும். பிளேடு முனையால் அதைக் கிழிந்ததுபோல் குதறிவிட்டால், கல் உதிர்ந்து உள்ளே எலும்பு தெரிகிறது என்ற கதையை அந்த விளிம்பே சொல்லிவிடும். நடுகல்லில் இருப்பது நீண்ட வாளன்று, குறுவாள். பெட்டியில் வரும் நீள வாளின் நுனியில் மூன்றிலொரு பங்கை நறுக்கி, இருபுறமும் அரம் போட்டுக் கூராக்குங்கள்.

எல்லாம் களிமண்ணில் நிற்கும்போது, கையெட்டும் தூரத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். வில், தலை, வாள் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் ஒட்டலாம். வாள் தலைக்குப் பின்னால் மறைந்தால் கையை இன்னும் விரித்துவிடுங்கள்.

கம்பி செருகுதல்

இடுப்பு, கழுத்து போன்ற அகன்ற இணைப்புகளுக்குச் சிமெண்ட் மட்டுமே போதும். மெல்லிய இணைப்புக்கும், அடித்தளத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் உருவத்துக்கும் கம்பி வேண்டும். இரு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் வர ஒரு வழி: ஒருபக்கம் முதலில் துளைத்து, அதன் விளிம்பில் ஈரப் பெயிண்ட் ஒரு புள்ளி வைத்து, மறுபக்கத்தோடு சேர்த்து அழுத்துங்கள், புள்ளி பதிந்த இடத்தில் துளையிடுங்கள். கால், இடுப்பு ஆகியவற்றுக்கு 1 மி.மீ. துளை, மணிக்கட்டுக்கு 0.5 மி.மீ.தான் தாங்கும்.

மார்பில் தைத்த அம்புகளும் இதே வேலைதான். 0.5 மி.மீ. துளையில் 7 மி.மீ. நீளக் கம்பியைச் செருகிச் சூப்பர் குளூவால் நிறுத்துங்கள். தாளில் சிறு முக்கோணங்கள் வெட்டி, சூப்பர் குளூவில் நனைத்து விறைப்பாக்கி, கம்பியின் முனையில் ஒட்டினால் இறகு ஆகிவிடும். ஓர் ஆளுக்கு இரண்டு அம்புகளுக்கு மேல் வேண்டாம், வேறுவேறு கோணத்தில் இருக்கட்டும். மூன்றைத் தாண்டினால் முள்ளம்பன்றி.

மக்கு வேலை

கிரீன் ஸ்டஃப் மஞ்சள், நீலம் என இரு பட்டைகளாக வரும். இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும் வகையாக இருந்தால், அவை சந்திக்கும் நடுக்கோடு ஏற்கெனவே இறுகியிருக்கும். அதை வெட்டி எறியாவிட்டால் மக்கில் திப்பிகள் நிற்கும். சம அளவில் பிசைந்து, ஒரே பச்சையாகும் வரை விடாதீர்கள். மஞ்சள் கூடினால் மென்மையும் பிசுபிசுப்பும், நீலம் கூடினால் விறைப்பும் கூர்விளிம்பும் கிடைக்கும். வழக்கமாக ஒன்றரை மணி நேரம் வேலை செய்ய விடும் இந்த மக்கு சித்திரை வெயிலில் அவ்வளவு காத்திருக்காது. அதனால் பட்டாணி அளவுக்கு மேல் ஒருமுறை பிசைய வேண்டாம். முழுதாக இறுக ஒருநாள் விடுங்கள்.

கொண்டைக்கு மிளகளவு உருண்டையை மண்டையின் இடப்பக்கம், காதுக்குச் சற்று மேலே அழுத்துங்கள். கருவி ஒட்டாமலிருக்க நீரில் தொட்டுக்கொள்ளுங்கள். நெற்றியிலிருந்து கொண்டை நோக்கிப் பிளேடின் முதுகால் கோடுகள் இழுத்து, அடியில் ஒரு மெல்லிய திரியைச் சுற்றினால் முடிந்தது. மண்டையோட்டுக்கு முடி எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. கொண்டை இல்லாவிட்டால் அது எந்த ஊர் எலும்புக்கூடாகவும் இருக்கலாம் என்பதே என் பதில்.

இடுப்பில் திறந்த இடைவெளியை மக்கால் நிரப்பலாம். அதைவிட நல்ல வழி, வீணாகும் ஸ்ப்ரூத் துண்டுகளைச் சிறுசிறிதாக நறுக்கிப் பிளாஸ்டிக் சிமெண்டில் ஓரிரவு ஊறவைத்துக் கூழாக்குவது. அந்தக் கூழும் பாலிஸ்டைரீனே என்பதால், காய்ந்தபின் உடலோடு ஒன்றாகிவிடும், அரமும் ஒரே சீராக ஓடும். தடிமனாகப் பூசினால் உள்ளே காயாமல் உடலையே இளக்கிவிடும் என்பதால் மெல்லிய பூச்சாக இருமுறை இடுங்கள்.

புலிகுத்திய தலைவன்

புலியோடு போரிட்டு மாண்டவர்களுக்கும் இப்பகுதியில் கற்கள் உண்டு. புலி பின்னங்கால்களில் எழுந்து நிற்க, வீரன் அதன் உடலில் வாளைப் பாய்ச்சுவதாகச் செதுக்கியிருப்பார்கள். தலைவனுக்கு இதைவிடப் பொருத்தமான நிலை எனக்குத் தெரியவில்லை.

கோப்ளின் என்னும் கற்பனைக் குள்ளப் பூதங்கள் ஓநாய்மேல் ஏறிவரும் சவாரிப் பெட்டிகளிலிருந்து ஓநாய் ஒன்றை எடுங்கள். பின்னங்கால்களைத் தொடையோடு விட்டுவிட்டு, இடுப்பில் அறுத்து, முன்னுடலை 60 பாகை மேலே தூக்குங்கள். முதுகுப்பக்கம் ஓர் ஆப்பு வெட்ட வேண்டியிருக்கும், வயிற்றுப்பக்கம் பெரிய இடைவெளி திறக்கும். ஒரு பாதத்திலிருந்து தொடை வரையும், தொடையிலிருந்து முதுகு வரையும் 1 மி.மீ. கம்பிகள் செல்லட்டும். வயிற்றின் கருவை எம்-சீலால் நிரப்பி, அது இறுகியபின் மேலே கிரீன் ஸ்டஃப் பூசி, உரோமத்தைக் கோடிடுங்கள். ஓநாயைப் புலியாக்குவது மூன்றே இடங்கள்: முகவாயில் 2 மி.மீ. வெட்டிக் குட்டையாக்குவது, கன்னங்களில் மக்கு வைத்து முகத்தை வட்டமாக்குவது, புதர்போன்ற வாலை நீக்கிக் கம்பியின்மேல் மக்கு சுற்றிய நீண்ட வாலை வைப்பது. காதுகளையும் உருட்டிவிடுங்கள். வரிகளைப் பெயிண்ட் பார்த்துக்கொள்ளும்.

வாள் பாய்வதற்கு உடலைத் துளைத்து முழு வாளையும் செலுத்த முயன்று நான் ஒரு புலியைப் பாழாக்கினேன். வாளை நடுவில் வெட்டி, பிடியோடு கூடிய பாதியை வயிற்றிலும், நுனியை முதுகில் அதே கோட்டிலும் ஒட்டினால் போதும். இரண்டு பாதிகளும் நேர்கோட்டில் உள்ளனவா என்று மட்டும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

வீரனையும் புலியையும் வண்ணம் பூசும்வரை சேர்த்து ஒட்டாதீர்கள். இருவருக்கும் நடுவே தூரிகை நுழையாது. தொடுமிடங்களில் கம்பியை மட்டும் செருகித் தனித்தனியாக வையுங்கள்.

பிரைமர்

மாறுபட்ட நிறங்களில் நிற்கும் பிளாஸ்டிக்கும் பச்சை மக்கும் சாம்பல்நிறப் பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் பூச்சு) பட்டவுடன் ஒன்றாகும். அதுவரை மறைந்திருந்த பிளவுகளும் அப்போதுதான் தெரியும். எனவே முதல் பூச்சைச் சோதனையாகவே கருதி, தெரியும் பிளவை நிரப்பி, மறுபடி பூசுங்கள்.

ஸ்ப்ரே கேனை மே மாத நடுப்பகலில் மொட்டைமாடியில் பயன்படுத்தினால், துளிகள் உருவத்தை அடையுமுன் காற்றிலேயே காய்ந்து, மேலே மணல்போல் படியும். ஐப்பசி மழைநாளில் ஈரப்பதத்தால் வெண்மை பூக்கும். காலை ஏழு மணிக்கு முன், மழையில்லாத நாளில், 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து சிறு வீச்சுகளாக அடியுங்கள். மழை விடாவிட்டால் தூரிகையால் பூசும் பிரைமரே மேல்.

அடித்தளமும் கல்லின் நிறமும்

அடித்தளத்துக்கு ஊர் மண்ணை விட்டுவிட்டு வெளியே தேட வேண்டியதில்லை. செம்மண்ணைச் சலித்து, வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, ஃபெவிக்கால் பூசிய தளத்தில் தூவுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களின் அருகே கிடக்கும் சிறு சில்லுகள் பாறையாக உதவும். அதன் தூளை மட்டும் மூச்சில் இழுக்காதீர்கள், கழுவிய பின் எடுங்கள். எம்-சீலைத் தட்டையாக உருட்டி 3 மி.மீ. பலகையாக்கி, முன்வரிசை ஆட்கள் சிலரின் பின்னே உடைந்த நடுகல்லாக நிறுத்தலாம். அதில் வீரனின் வடிவத்தில் ஒரு வெற்றுக் குழி மட்டும் இருக்கட்டும். அவன் எங்கே போனான் என்பது முன்னால் நிற்கிறது.

சதையைக் கல்லாகவும் எலும்பை எலும்பாகவும் பூசுங்கள். கருஞ்சாம்பல் அடிப்பூச்சின்மேல் வெளிர்சாம்பலைத் தொட்டுப் பெரும்பகுதியைத் துடைத்துவிட்ட உலர்தூரிகையால் தேய்த்தால் கல் வந்துவிடும். நெற்றியிலும் மார்பிலும் மஞ்சள் தீற்றி, நடுவே குங்குமச் சிவப்பில் ஒரு புள்ளி வையுங்கள். முழு உருவத்துக்கும் பளபளப்பற்ற வார்னிஷ் அடித்து அது காய்ந்தபின், தலையிலிருந்து மார்பு வரை எண்ணெய் வழிந்த இடங்களில் மட்டும் கருமையும் பளபளப்பு வார்னிஷும் கலந்து மெல்லிய கோடுகளாக இறக்குங்கள். பிறகு புலியைத் தலைவனோடு ஒட்டி, அடித்தளங்களை எண் வரிசைப்படி தட்டில் நிறுத்தி, வில் எதுவும் பக்கத்துத் தலையில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் இருவரையும் இடம் மாற்றி, அடியில் உள்ள எண்ணைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.